மஹராக ஒரு தட்டு மஹம்ரி

கிப்வானா தன் மனைவி சௌமுவுக்குத் தலாக் சொன்ன வியாழக்கிழமை நண்பகலிலிருந்து அவன் வீட்டுக்குள் எதுவும் மேலே எழும்பவில்லை. அடுப்புப் புகை கூரைக்குப் போகாமல் தரையில் இறங்கி, சுவரோரமாக ஊர்ந்து, நிலைப்படி தாண்டித் தெருவுக்குப் போயிற்று. கடற்கரை ஊரான பங்கானியில் அந்தத் தெரு வழியாக நடந்தவர்கள் கணுக்கால் வரை புகையில் நடந்தார்கள். தேநீரின் ஆவி கோப்பை விளிம்பிலிருந்து வழிந்து பாயை நனைத்தது. கொல்லையில் வேலி தாண்டிப் பறக்கிற கோழி, வீட்டுக்குள் வந்தால் மணைமேல்கூட ஏற முடியாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. கிப்வானாவின் கைகளே தோளுக்கு மேலே போகவில்லை. சட்டையைத் தலைவழியாகப் போட்டுக்கொள்ள அவன் தினமும் கொல்லைக்குப் போக வேண்டியிருந்தது. மறுநாள் விடிகாலையில் வீட்டிலேயே தொழுதவன், சுஜூதில் தரையில் நெற்றியை வைத்தபின் எழ முடியாமல், அப்படியே தவழ்ந்து கொல்லை வாசலுக்குப் போய், தலையை வெளியே நீட்டிய பிறகுதான் நிமிர்ந்தான். அதற்குப் பின் தொழுகைக்குப் பள்ளிவாசல், தூக்கத்துக்கு ஈரப்பலா மரத்தடி என்று வைத்துக்கொண்டான். ஊரார் ஒரு வாரம் வந்து பார்த்தார்கள். பிள்ளைகள் பந்தை உள்ளே எறிந்து, அது துள்ளாமல் சாணி உருண்டை மாதிரி விழுந்து கிடப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த மாதமே மழை பிந்தியதால் பேச்சு மழைக்கு மாறிவிட்டது.

கிப்வானாவின் தொழிலோ உயரத்தில்தான். நாற்பது வயதிலும் அந்தக் கரையில் அவனைப்போலத் தென்னை ஏறுகிறவன் கிடையாது. கால்களுக்குத் தளைக்கயிற்றை மாட்டிக்கொண்டு, பத்து எண்ணி முடிப்பதற்குள் உச்சிக்குப் போய்விடுவான். வீட்டுக்கு வெளியே அவனுக்கு ஒரு குறையும் இல்லை. மரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் பங்கானி ஆறு கடலில் சேருவதும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ப்வேனி கிராமமும், அங்கே சௌமுவின் அண்ணன் ரஜபுவின் வீட்டுக் கூரையும் தெரியும். அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் காய் பறிக்கப் பழகிக்கொண்டான்.

சண்டை வந்த காரணம் சின்னது. அன்று காலையில் டாங்காவிலிருந்து வந்த வியாபாரி ஒருவன், கிப்வானா பறித்துப் போட்ட காய்களில் பாதி முற்றாதவை என்று நாலு பேர் முன்னால் காலால் தள்ளி ஒதுக்கிவிட்டான். கிப்வானா தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். சௌமு தட்டில் மஹம்ரி வைத்தாள். தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, பொங்க வைத்து, எண்ணெயில் சுட்டால் தலையணை மாதிரி உப்பி வரும் பலகாரம் அது. அந்தக் கரையில் அது இல்லாமல் காலை விடிவதில்லை. அன்றைக்குக் கடைக்காரன் கொடுத்த ஈஸ்ட் பழசு. மஹம்ரி உப்பவில்லை. கிப்வானா ஒன்றை எடுத்துச் சுவரில் எறிந்தான். அது சுவரில் பட்டுத் தெறித்து அவன் காலடிக்கே வந்தது.

“கல்லைச் சுட்டு வச்சிருக்கியா?”

“ஈஸ்ட் பழசுங்க. பதினோரு வருஷத்துல ஒரு நாள் எழும்பல. ஒரே ஒரு நாள்.”

“மாவை எழுப்பத் தெரியாத கை எனக்கு எதுக்கு?” என்றான் கிப்வானா. அடுத்து அந்த வார்த்தையையும் சொன்னான், ஒரு முறை. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் துவரை கிளறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மஷாவுவின் கையிலிருந்து கரண்டி விழுந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. சௌமு செம்பில் தண்ணீர் மொண்டு, விரல் இடுக்கெல்லாம் மாவு போகும்வரை நிதானமாகக் கை கழுவினாள். கறுப்பு மேலங்கியைப் போட்டுக்கொண்டு, இரண்டு காங்காத் துணிகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நண்பகல் படகில் ஆற்றைக் கடந்து அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஒரு தலாக்தான் சொன்னது. இத்தா என்கிற மூன்று மாதக் காத்திருப்பு முடிவதற்குள் “வா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மறுபடி அவன் மனைவி. நாற்பதாம் நாள் கிப்வானா படகுத்துறை வரைக்கும் போனான். எதிர்க்கரையில் சௌமு அண்ணனுக்காக மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் தெரியாவிட்டாலும் ஆள் தெரிகிற அகலம்தான் அங்கே ஆறு. அவள் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். அவள் கையசைப்பாள் என்று அவன் காத்திருந்தான். அவன் ஒரு குரல் கொடுப்பான் என்று அவள் காத்திருந்தாள். படகு ஆறு முறை போய் வந்தது. ஒவ்வொரு முறையும் படகுக்காரன், “வரியா?” என்று கேட்டான். ஏழாவது முறை கேட்கவில்லை. கிப்வானா வீட்டுக்குத் திரும்பினான். இத்தா முடிந்தது. இனி அவள் வேண்டுமென்றால் முறைப்படி பெண் கேட்டு, மணக்கொடையான மஹரைப் புதிதாகக் கொடுத்து, புதிதாக நிக்காஹ் செய்ய வேண்டும்.

அதைச் செய்யத் துணிய அவனுக்கு ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடமும் அவன் மஷாவுவின் கடையில்தான் காலை உணவு சாப்பிட்டான். மஷாவு கணவனை இழந்தவள், அவனைவிட இரண்டு வயது மூத்தவள். வாசலில் தேங்காய்ப்பாலில் வெந்த துவரை விற்பவள். ஊரில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். “கூலி குடுத்து ஆள் வச்சு மன்னிப்புக் கேக்கலாம்னு பாக்குறியா? அதுக்கு ஆள் கிடைக்காது, நீயே போ” என்று ஒரு நாள் அவள் துவரையோடு சேர்த்துப் பரிமாறினாள். அவன் போனான்.

ரஜபு வலை பின்னிக்கொண்டிருந்தான். சௌமு அறையின் திரைக்குப் பின்னால் இருந்தாள். கிப்வானா சுற்றி வளைக்காமல், “மச்சான், சௌமுவைக் கேட்டு வந்திருக்கேன்” என்றான்.

“அவளையே கேளு. நான் பேசிப் பேசி ஓஞ்சுட்டேன்.”

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “மஹர் சொல்றேன், கேட்டுக்கச் சொல்லுங்கண்ணே. ஒரு தட்டு மஹம்ரி. அவர் கையால பிசஞ்சு, அந்த வீட்டுக்குள்ளயே பொங்கி, அந்த அடுப்புலயே சுட்டது. பிட்டா உள்ள கூடு மாதிரி காலியா இருக்கணும்.”

ரஜபு வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். “மச்சான், நாலு மாடு கேட்டிருந்தாக்கூட உனக்கு லேசா இருந்திருக்கும். புகையே எழும்பாத வீட்டுல மாவு எழும்பணுமாம்.”

“அது அவர் வீட்டுப் பிரச்சினை” என்றது திரை.

பலகாரத்தை மஹராக வைக்கலாமா என்று பள்ளிவாசல் உஸ்தாதிடம் போய்க் கேட்டார்கள். அவர் தாடியை நீவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். மதிப்புள்ள எதையும் பெண் கேட்கலாம், பசித்தவனுக்கு மஹம்ரியை விட மதிப்புள்ளது எதுவும் இல்லை, ஆகவே செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு தட்டு என்பது எவ்வளவு பெரிய தட்டு என்று கிப்வானா கேட்டதற்கு, “நீ முதல்ல ஒண்ணைச் சுடு” என்றார்.

அதுவரை அவன் மாவில் தண்ணீர் விட்டதே இல்லை. முதல் நாள் துருவுபலகையில் உட்கார்ந்து, தேங்காயைத் துருவி, ஓலைப்பையில் போட்டு முறுக்கிப் பால் பிழிந்தான். பறிக்கிற தேங்காய்க்குள் இவ்வளவு வேலை இருக்கிறது என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. மற்றதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மஷாவு சொல்லச் சொல்லச் செய்தான். “பாலைக் கொதிக்க வச்சியா? ஈஸ்ட்டு செத்துப்போகும், ஊத்தாத! முழங்கைய விட்டுப் பாரு, குழந்தையக் குளிப்பாட்டுற சூடு இருக்கணும்… பிசையிறியா, மாவை அடிக்கிறியா? அது என்ன உன் எதிரியா?” ஒரு தரம் வந்து காட்டிக்கொடுக்கக் கூடாதா அக்கா என்று அவன் கெஞ்சியபோது அவள் ஒரே பேச்சாக மறுத்துவிட்டாள். “நான் தொட்டா அது என் கை மஹம்ரி ஆயிடும். அப்புறம் நீ என்னைக் கட்டிக்கணும்பாங்க. அந்தத் தண்டனை எனக்கெதுக்கு?”

மாவு பொங்கவில்லை. பிசைந்த இடத்தில் பிசைந்தபடி கிடந்தது. தேய்த்து, நான்காக வெட்டி, எண்ணெயில் போட்டான். வாணலியின் அடியில் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி போய் உட்கார்ந்தவை கறுக்கும்வரை மேலே வரவேயில்லை. அவற்றில் ஒன்றை இலையில் சுற்றிப் படகுக்காரனிடம் கொடுத்து ப்வேனிக்கு அனுப்பினான். முயற்சி செய்தேன், வரவில்லை என்பதற்கு அதுவே செய்தி. அன்று தொடங்கி ஒவ்வொரு முறையும் ஒன்று அனுப்பினான். ரஜபு அவற்றை வீணாக்கவில்லை. நடுவில் ஓட்டை போட்டு வலையில் ஈயக்குண்டுக்குப் பதிலாகக் கட்டினான். வலை நன்றாக இறங்குகிறது, வாரத்துக்கு இரண்டாக அனுப்பினால் நல்லது என்று பதில் வந்தது.

இப்படி ஒன்றரை வருடம் ஓடிற்று. ஈஸ்ட்டை இரண்டு மடங்காகப் போட்டுப் பார்த்தான். வேறு கடையில், வேறு ஊரில் வாங்கிப் பார்த்தான். ஒருமுறை உஸ்தாதுக்குத் தெரியாமல் தென்னங்கள்ளை ஊற்றிப் பிசைந்தான். அந்த மாவு பொங்கத்தான் செய்தது, ஆனால் மேல்நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் போயிற்று. அறை முழுக்கப் பரவி, கதவுக்கு அடியில் நுழைந்து தெருவுக்கு வந்தது. அதைத் தின்ற ஆடுகள் பிற்பகல் அஸர் பாங்கு சொல்லும்வரை நடுத்தெருவில் படுத்துத் தூங்கின. இன்னொரு முறை மஷாவுவின் கொல்லையில் வைத்து மாவைப் பிசைந்தான். அங்கே அது சட்டி விளிம்பைத் தாண்டிப் பொங்கிற்று. தலையில் சுமந்துகொண்டு வந்து தன் வீட்டு நிலைப்படியைத் தாண்டினான். சட்டிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது, மாவு அமுங்கிவிட்டது. கோதுமை மாவே ஊருக்கு வராத மாதங்கள் வந்தன. வந்த நாளில் பெண்களின் வரிசையில் அவன் ஒருவன் மட்டும் ஆணாக நிற்பான். “மாப்பிள்ளை வந்துட்டாரு, வழி விடுங்கடி” என்று ஒருத்தி சொல்வாள். “வழி விட்டா மட்டும் எழும்பிடுமா?” என்று இன்னொருத்தி கேட்பாள். வரிசை முழுக்கச் சிரிக்கும். அவன் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் வேறொன்று நடந்தது. மரப்பட்டை உரசி உரசிக் காய்ப்பேறிய அவன் உள்ளங்கைகள், மாவும் தேங்காய்ப்பாலும் பட்டு மெல்ல மெல்ல இளகின. பாலின் சூட்டை முழங்கையால் அறிய வந்தது. ஏலக்காயைத் தோலோடு நுணுக்கினால் கசக்கும் என்று தெரிந்தது. விடிந்ததும் தட்டில் மஹம்ரி இருக்க வேண்டுமென்றால் முந்தின அந்தியிலேயே தேங்காய் துருவ வேண்டும், சேவல் கூவும் முன்பே எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும் என்பதும் தெரிந்தது. பதினோரு வருடம் அவன் கண் விழித்தபோதெல்லாம் தட்டு தயாராக இருந்தது. அந்தத் தட்டுக்கு முன்னால் என்ன நடந்தது என்று அவன் ஒரு காலையில்கூடப் பார்த்ததில்லை. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தென்னையின் உச்சியில் இருக்கும்போது ப்வேனிப் பக்கம் பார்க்காமல் இருக்கும் பழக்கத்தை விட்டுவிட்டான்.

நோன்பு மாதம் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, முஹேசாவிலிருந்து ஒரு லாரிக்காரர் சௌமுவைப் பெண் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர், மரியாதையானவர், சொந்த லாரி. ரஜபுவுக்குப் பிடித்துவிட்டது. சௌமு மட்டும், “ஒருத்தருக்கு வார்த்தை குடுத்திருக்கேன். பெருநாள் பிறை தெரியிற வரைக்கும் அது நிக்கும். அதுக்கப்புறம் நீங்க சொல்றபடி” என்றாளாம். இதை மஷாவு சுவர் வழியாகச் சொன்னாள். இந்த முறை அவள் குரலில் கிண்டல் இல்லை. “கிப்வானா, இனிமே கூழாங்கல் அனுப்ப நேரமில்லப்பா.”

நோன்பின் இருபத்தொன்பது நாட்களும் அவன் பிசைந்தான். இருபத்தொன்பது நாட்களும் மாவு படுத்தே கிடந்தது. இருபத்தொன்பதாம் அந்தியில் ஊரே கடற்கரைக்குப் போய் வானத்தைப் பார்த்தது. மேகம், பிறை தெரியவில்லை. அல்லாஹ் ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்திருக்கிறான் என்று உஸ்தாத் பொதுவாகத்தான் சொன்னார். கிப்வானா அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டான்.

முப்பதாம் நோன்பன்று அவன் வேலைக்குப் போகவில்லை. நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பிசைந்தான். மாவு கையில் ஒட்டாமல் வரும்வரை பிசைந்து, சட்டியில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடினான். மற்ற நாளெல்லாம் மூடி வைத்துவிட்டு ஏதாவது வேலையாக வெளியே போய்விடுவான். அன்று போகவில்லை. சட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வெயில் ஜன்னல் வழியாக வந்து துணியின் மேல் விழுந்தது. பசி, தாகம், நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் மாவைத்தான் திட்டினான். பிறகு ஈஸ்ட் விற்றவனைத் திட்டினான். பிறகு திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போய்ச் சும்மா இருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் நோன்பு திறப்பதற்காகத் துவரை புடைத்துக்கொண்டிருந்த மஷாவு, முறத்தை நிறுத்தினாள். ஏனென்றால் கிப்வானா பேசத் தொடங்கியிருந்தான்.

“சௌமு, உனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தியே, அந்த மழைக்காலத்துல. நான் வந்து டீ எங்கன்னு கேட்டேன். நீ எழுந்து போய்ப் போட்டுக் குடுத்த. சுவரைப் புடிச்சுட்டு நடந்த. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் குடிச்சேன்.”

சட்டியின் மேலிருந்த துணியின் ஓரத்தை அவன் இழுத்துவிட்டான்.

“உங்கம்மா மவுத்தான அன்னைக்குக் காய் பறிப்பு இருக்குன்னு நான் மண்ணு போட்டப்புறம்தான் வந்தேன். நீ ஒண்ணும் கேக்கல. கேக்கலைன்னதும் ஒண்ணுமில்லைன்னு நெனச்சிட்டேன். தட்டுல இருக்குறது பூராத்தையும் தின்னுட்டு, நீ சாப்பிட்டியான்னு நான் கேட்டதா எனக்கு ஞாபகமே இல்ல. அன்னைக்கு அந்த வார்த்தைய நான் மாவுக்காகச் சொல்லல. அந்த யாவாரி நாலு பேரு முன்னால என் காயைக் காலால தள்ளினான். அவன்கிட்டக் காட்ட வக்கில்லாத கோவத்தை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன். உன்மேல போட்டேன். ஆத்தங்கரையில நின்னேனே, ஆறு தரம் படகு போச்சு. கூப்பிட வேண்டியவன் நான்தான். நீ என்னத்துக்குக் கூப்பிடணும்?”

மஷாவு சொல்வதன்படி, அவன் அதோடு நிறுத்தவில்லை. அஸர் பாங்குவரை பேசினான். சிறியதும் பெரியதுமாகப் பதினோரு வருடத்தையும் சொன்னான். சில விஷயங்களை அவள் யாரிடமும் சொல்லவில்லை, மஷாவு வாழ்க்கையில் கட்டிக்காத்த ரகசியங்கள் அவை மட்டும்தான். பாங்கு சொன்னபோது கிப்வானா கண்ணைத் துடைத்துக்கொண்டு தொழப் போக எழுந்தான். வாசலுக்குத் தவழாமல், இருந்த இடத்திலேயே எழுந்தான். அது அவனுக்கு உடனே உறைக்கவில்லை. கோழி மணைமேல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் சட்டியைப் பார்த்தான். வெள்ளைத் துணி நடுவில் குவிந்து, சட்டியைவிட ஒரு சாண் உயரத்தில், மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

காரணம் பற்றி ஊரில் மூன்று கருத்துகள் உண்டு. அந்த வாரம் டாங்காவுக்குக் கப்பலில் புது ஈஸ்ட் வந்தது என்று கடைக்காரன் இன்றைக்கும் சொல்வான். அது நோன்பின் பரக்கத், இறைவனின் அருள் என்பது உஸ்தாதின் கருத்து. மஷாவு கருத்துச் சொல்வதில்லை. தான் கேட்டதை மட்டும் சொல்வாள். அன்றைக்கும் அதைத்தான் செய்தாள்: முறத்தைப் போட்டுவிட்டுப் படகுத்துறைக்கு ஓடி, அஸர் முடிந்து கிளம்பிய படகில் இருந்தவர்களிடம் கரையிலிருந்தே கத்திச் சொல்லி அனுப்பினாள்.

கிப்வானா மாவை உருண்டைகளாகப் பிரித்துத் தேய்த்து, நான்காக வெட்டி, எண்ணெயில் விட்டான். முதல் துண்டு அடியில் போய் உட்கார்ந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பிறகு அது கீழிருந்து கிளம்பி, மேலே வந்து, முதுகை உப்பிக்கொண்டு, கரண்டி படுவதற்கு முன்னே தானாகவே புரண்டது. அடுப்புப் புகை நேராகக் கூரைக்கு ஏறி ஓலை இடுக்கு வழியாக வானத்துக்குப் போயிற்று. தெருவில் போனவர்கள் தங்கள் கணுக்கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். ருசி பார்க்க முடியாது, நோன்பு. எல்லாவற்றையும் சுட்டு ஓலைக்கூடையில் அடுக்கியபோதுதான் கூடை தரையில் நிற்காதது தெரிந்தது. ஒரு முழ உயரத்தில் அது ஆடிக்கொண்டிருந்தது. தளைக்கயிற்றை எடுத்து மூடியோடு சேர்த்துக் கட்டி, கயிற்றின் மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நோன்பு திறப்பதற்கு முந்தைய கடைசிப் படகுக்கு ஓடினான்.

படகில் பெருநாளுக்குத் துணியும் மளிகையும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். உஸ்தாதும் ஏறியிருந்தார்; சாட்சிக்கு ஆள் வேண்டியிருக்கும் என்றார். நடு ஆற்றில் படகுக்காரன், “ஒன்றரை வருஷமா நான்தான் சுமந்தேன், எனக்குக் காட்ட மாட்டியா?” என்று கேட்டதால் கிப்வானா மூடியை இரண்டு விரல் அகலம் திறந்தான். ஒரு மஹம்ரி நழுவி வெளியே வந்தது. தலைக்கு மேலே ஏறி, காற்றில் சற்று நின்று, கடல் பக்கமாகப் போயிற்று. இரண்டு கடற்பறவைகள் கொஞ்ச தூரம் அதன் கூடவே பறந்தன.

“எங்க போகுது அது?” என்றார் உஸ்தாத்.

“தெக்கத்திக் காத்து. மொம்பாசாப் பக்கம் போகும்” என்றான் படகுக்காரன், துடுப்பை நிறுத்தாமல். மற்றவர்கள் துணி விலையைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார்கள்.

ப்வேனியில் ரஜபுவின் முற்றத்தில் பாய் விரித்திருந்தது. பேரீச்சம்பழமும் கஞ்சியும் இருந்தன. சௌமு திரைக்குப் பின்னால் இல்லை. தலையில் காங்காவை இழுத்துவிட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். கிப்வானா கூடையை அவள் முன்னால் வைத்து, அது கிளம்பிவிடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். பாங்கு ஒலித்தது. சௌமு பேரீச்சம்பழத்தை எடுக்கவில்லை. கூடைக்குள் கையை விட்டு ஒரு மஹம்ரியை எடுத்து இரண்டாகப் பிட்டாள். உள்ளே கூடு, அதிலிருந்து ஆவி நூல் பிடித்ததுபோல நேராக மேலே போயிற்று. பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு வாய் வைத்தாள். மெதுவாக மென்றாள். ரஜபு, உஸ்தாத், வேலி மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டார், எல்லோரும் அவள் தொண்டையையே பார்த்தார்கள்.

“ஏலக்காய் கூடிப்போச்சு” என்றாள் சௌமு.

“அடுத்த தடவை குறைச்சிக்கிறேன்.”

“அடுத்த தடவைன்னா எப்ப?”

“நாளைக்கு. பெருநாள்ல?”

“அதுக்கு அடுத்த நாள்?”

“அன்னைக்கும் நான்தான்.”

அவள் மீதிப் பாதியைத் தட்டில் வைத்தாள். “மாவுகிட்ட என்னமோ பேசினீங்களாம். அஸர் படகுல வந்தவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மாவு கேட்டா போதுமா? கேக்க வேண்டியவ நான் இங்க இருக்கேன்.”

மாவிடம் சொல்வது வேறு, அவள் முகத்தைப் பார்த்து, மச்சானும் உஸ்தாதும் கேட்கச் சொல்வது வேறு. கிப்வானா கயிற்றை ரஜபுவின் கையில் கொடுத்துவிட்டு அவள் எதிரே பாயில் உட்கார்ந்தான். காய்ச்சலில் இருந்து தொடங்கினான். இடையில் ஒருமுறை குரல் நின்றுபோனது. யாரும் உதவிக்கு வரவில்லை. அவனே மறுபடி எடுத்தான். கஞ்சி ஆறிப்போயிற்று. பிறை தெரிந்தும் யாரும் அதைச் சொல்லவில்லை. அவள் அம்மாவின் மவுத்தைப் பற்றி அவன் சொன்னபோது மட்டும் சௌமு காங்காவின் ஓரத்தால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆற்றங்கரைக்கு வந்தபோது, “நானும் கூப்பிட்டிருக்கலாம்” என்றாள்.

“நீ எதுக்குக் கூப்பிடணும்?”

“கூப்பிடணும்னு இல்ல. கூப்பிட ஆசையா இருந்துச்சு” என்றாள் அவள். பிறகு உஸ்தாத் பக்கம் திரும்பி, “மஹர் வந்து சேர்ந்துடுச்சு. எழுதிக்கோங்க” என்றாள்.

பெருநாளின் மூன்றாம் நாள் நிக்காஹ் நடந்தது. முஹேசா லாரிக்காரர் வருத்தப்பட்டாலும் ஒரு மூட்டை சர்க்கரை அனுப்பினார், நல்ல மனிதர். சௌமு நண்பகல் படகில் இரண்டு காங்காத் துணிகளோடு வந்து இறங்கினாள். கிப்வானா சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஒரு நாள் அவன், ஒரு நாள் அவள். சில நாட்களில் அவன் பிசைய, அவள் சுட்டாள். தென்னை ஏறுகிறவன் வீட்டில் மாவு பிசைகிறான் என்று ஆண்கள் ஆறு மாதம் கேலி செய்தார்கள். பிறகு அவர்களில் இரண்டு பேர் யாருக்கும் தெரியாமல் வந்து பால் எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்று கேட்டுப் போனார்கள். நான்காம் வருடம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவளுக்குச் சௌமு தன் அம்மாவின் பெயரை வைத்தாள்.

இருவரும் சேர்ந்து பிசையும் நாட்களில் வீடும் சற்று எழும்புகிறது என்பதை முதலில் கண்டவள் மஷாவு; துவரைக் கிண்ணத்தோடு உள்ளே போகும்போது நிலைப்படியில் கால் விரலை இடித்துக்கொண்டாள். அன்று விரற்கடை உயரம்தான் இருந்தது. மறு வருடம் ஒரு சாண். பெருமழையில் ஆறு தெருவுக்குள் வந்தபோது அந்த ஒரு வீடு மட்டும் நனையவில்லை. அடியில் தண்ணீர் ஓடிற்று, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை மூன்று நாள் அங்கேதான் தூங்க வைத்தார்கள். நிலம் அளக்க வந்த அரசாங்க ஆள் காலையில் ஒரு அளவும் மாலையில் ஒரு அளவும் எடுத்துவிட்டு, இரண்டையும் எழுதிக்கொண்டு போனார். கிப்வானா வாசலோடு சேர்த்துப் பவழக்கல்லால் ஒரு படி கட்டினான், பிறகு இன்னொன்று. சுவர் விரிசல் விடவில்லை, கூரை ஒழுகவில்லை, அடுப்பில் எண்ணெய் தளும்பவில்லை. ஆகவே யாரும் அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பல வருடங்கள் இப்படியே போயின. சென்ற வெள்ளிக்கிழமை காலையில் மஷாவு கிண்ணத்தோடு வந்தபோது கீழ்ப்படி அவள் இடுப்புக்கு மேலே இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்து, “இன்னைக்கு என்னடி இவ்வளவு உசரம்? ரெண்டு பேரும் சண்டை போட்டுச் சமாதானம் ஆனீங்களா?” என்று கத்தினாள்.

“மக நிக்காஹ்க்கு நாள் குறிச்சாச்சுக்கா!” என்று உள்ளேயிருந்து சௌமு குரல் கொடுத்தாள். “இன்னைக்கு மூணு பேரும் சேந்து பிசஞ்சோம்.”

“அப்ப ஏணி ஒண்ணு வாங்கி வைங்க. நிக்காஹ்க்கு வர்றவங்கள்லாம் வயசானவங்க” என்றாள் மஷாவு. கிப்வானா வாசலில் முழங்காலிட்டு, குனிந்து, அவள் நீட்டிய கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, ஆறும் முன்னே சாப்பிடுங்கள் என்று நாலு மஹம்ரியை இலையில் சுற்றிக் கீழே இறக்கினான்.